மறதி நோய் வேர்க்க வைக்காது, அம்மா

கேள்வி: வயது 66. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். பெயர்கள் மறந்து போகின்றன. என் அக்காபோல் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயம். தாமான் திடலில் காலையில் தாய்ச்சி (மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி) செய்கிறேன், நினைவாற்றலுக்கு என்று விற்கும் கிங்கோ மூலிகை மாத்திரையும் சாப்பிடுகிறேன். இவை மூளையைக் காப்பாற்றுமா? போன வாரம் தாய்ச்சி முடிந்து வரும்போது வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டேன். வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. இனிப்பு நீருக்குக் கிளிக்லசைட், மெட்ஃபார்மின், இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுக்கிறேன்.

பதில்: பெயர் மறப்பதை விடுங்கள். அப்போது வராத பெயர் குளிக்கும்போது வந்தால், அது வயது.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிதான். மறதி நோய் யாரையும் வேர்க்க வைக்காது. ரத்தத்தில் சீனி இறங்கினால் வேர்வை, நடுக்கம், குழப்பம் மூன்றும் சேர்ந்து வரும். சீனியை இறக்கும் கிளிக்லசைட்டை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுத் திடலுக்குப் போயிருப்பீர்கள். அல்லது போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டாவது மாத்திரையும் போட்டிருப்பீர்கள். சீனி அடிக்கடி மோசமாக இறங்குகிறவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே இதைச் சும்மா விடக்கூடாது.

மறுபடி அப்படி வந்தால் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தாலோ, கருவி கையில் இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் யாரும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும். இதை மகளிடமும் சொல்லி வையுங்கள்.

கிங்கோவை இன்றே நிறுத்துங்கள். 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மறதி நோய் குறையவில்லை. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வழி செய்யலாம். வாட்ஸ்அப்பில் இதை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

தாய்ச்சி நல்லதுதான், விடாதீர்கள். 60 வயதுக்கு மேற்பட்ட 2,553 பேரை உள்ளடக்கிய 20 ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல நினைவோடு இருக்கும் முதியவர்களுக்குத் திட்டமிடும் திறன், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றும் திறன் கூடியிருந்தது. வேறு உடற்பயிற்சியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நடுத்தரம்தான். ஷாங்காயில் 120 முதியவர்களை 40 வாரம் கவனித்த இன்னொரு ஆய்வில் தாய்ச்சி செய்தவர்களின் மூளை அளவு சற்றுக் கூடியது, நடந்தவர்களுக்குக் கூடவில்லை. வேடிக்கை என்னவென்றால், கூடி உட்கார்ந்து பேசியவர்களுக்கும் கூடியது! ஆக, திடலில் சீன அம்மாக்களோடு அரட்டையும் அடியுங்கள். ஆனால் மறதி நோயே வராது என்று இதை வைத்து யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த வாரமே எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். கிளிக்லசைட் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சீனி சரியாக இருக்கும்போதும் வழி தவறினால், அப்போது நினைவாற்றல் சோதனை செய்யலாம். அதுவரை சாப்பிடாமல் திடலுக்குப் போகாதீர்கள்.