ராப்பர் அறிவு மேல ஏன் எப்பவும் சர்ச்சை?

அறிவு எப்டி மேல வந்தாரு, அவர சுத்தி ஏன் எப்பவும் பஞ்சாயத்துனு கேட்டிருக்கீங்க. அரக்கோணத்துக்காரர், சாதிய எதிர்த்துப் பாடுற கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுல பாடி வெளிய தெரிஞ்சாரு, 2019ல இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோ கூட சேந்து தெருக்குரல் ஆல்பம், சாதியப் பத்தி மூஞ்சிக்கு நேரா பேசுனதால அப்பவே பாதிப் பேருக்கு ஆகல.

2021 மார்ச்ல அறிவும் பாடகி தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிச்ச என்ஜாய் எஞ்சாமி பாட்டு வந்துச்சு, நம்ம பாம்பன் ஷேர் ஆட்டோல கூட அதான் ஓடுச்சு. அப்புறம் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டைல அறிவக் காணோம், அந்தப் பாட்டப் பாடுன 2022 செஸ் ஒலிம்பியாட் மேடைலயும் இல்ல, அப்போதான் எனக்கு யாரும் ட்யூனோ மெலடியோ ஒரு வார்த்தையோ தரலனு இன்ஸ்டால போட்டாரு, சந்தோஷ் நாராயணனும் தீயும் இது கூட்டா செஞ்சதுனு விளக்கம் குடுத்தாங்க. கடைசில 2024ல சந்தோஷே இந்தப் பாட்டுல இன்னும் ஒத்தப் பைசா வரலைன்னாரு, இதுக்கா இம்புட்டு சண்ட!

என்னக் கேட்டா பாட்டுல அவரோட பங்கு பெருசுதான். அவங்க பாட்டி வள்ளியம்மா இலங்கைல தேயிலத் தோட்டத்துல வேல பாத்தவங்க, பாட்டோட கரு அங்கருந்து வந்தது. அப்டி தோட்டத்துக்குப் போன ஜனங்கள அந்தக் காலத்துல மண்டபம் கேம்ப்ல தங்க வச்சு, நோய்நொடி இருக்கானு பாத்துட்டுத்தான் தனுஷ்கோடில கப்பல் ஏத்துவாங்க, அதனால நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்த வரிங்க கொஞ்சம் கூடவே உறைக்கும்.