ஆங்கில வாக்கிய வகைகளைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: தொடக்கநிலை 5இல் படிக்கும் என் மகள், ஆங்கில வாக்கியம் நீளமாக இருந்தால் காம்ப்ளெக்ஸ் என்றும், இடையில் 'அண்ட்' வந்தால் காம்பவுண்ட் என்றும் எழுதிவிடுகிறாள். இவற்றைப் பிழையின்றி அடையாளம் காண அவளுக்கு எவ்வாறு சொல்லித் தருவது?
– வாசகி, ஈசூன்

பதில்: நீளத்தை மறந்துவிடச் சொல்லுங்கள். எழுவாயும், அதற்குரிய, காலம் காட்டும் முற்றுவினையும் சேர்ந்த இணைகள் வாக்கியத்தில் எத்தனை உள்ளன என்பதே கேள்வி. 'த ஓல்ட் மேன் வித் த பிளாக் அம்ப்ரெல்லா வாக்ஸ் டு த மார்க்கெட் எவ்ரி மார்னிங்' என்பதில் 'வாக்ஸ்' ஒன்றே முற்றுவினையாதலால் அது சிம்பிள் வாக்கியம். 'ஐ கேம் பிகாஸ் யூ கால்ட்' என்பதோ ஐந்தே சொற்களில் அமைந்த காம்ப்ளெக்ஸ் வாக்கியம்.

'அண்ட்' வரும்போது அது எவற்றை இணைக்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஷி வாஷ்ட் த ரைஸ் அண்ட் குக்ட் இட்' என்பதில் இரண்டு வினைகளுக்கும் எழுவாய் ஒன்றே என்பதால், பள்ளி இலக்கணம் அதைச் சிம்பிள் என்றே கொள்கிறது. 'ஷி வாஷ்ட் த ரைஸ், அண்ட் ஹெர் பிரதர் குக்ட் இட்' என்பதில் இரு பகுதிகளும் தனித்தனியே நிற்கக்கூடியவை. ஆகவே அது காம்பவுண்ட். ஒரு பகுதி தனித்து நிற்க, மற்றொன்று 'ஆல்தோ', 'வென்', 'இஃப்' போன்ற சொல்லோடு அதைச் சார்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். இரு தன்மைகளும் ஒருங்கே அமைந்தால் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ஆசிரியர்கள் இதைச் சற்று விரிவாக விளக்கினால் மிகுந்த பயன் விளையும் என்பது என் உறுதியான கருத்து. 'மழை பெய்ததால் பேருந்து தாமதமாக வந்தது' என்னும்போது 'பெய்ததால்' என்பது முற்றுவினை ஆகாது. 'வந்தது' ஒன்றே வாக்கியத்தை முடிக்கிறது. அதே கருத்தை ஆங்கிலத்தில் 'பிகாஸ் இட் ரெய்ன்ட், த பஸ் கேம் லேட்' என்று எழுதினால் எழுவாயும் இரண்டு, முற்றுவினையும் இரண்டு, அது காம்ப்ளெக்ஸ். 'பிகாஸ் ஆஃப் த ரெய்ன், த பஸ் கேம் லேட்' என்று மாற்றினாலோ 'ரெய்ன்' பெயர்ச்சொல்லாகிவிடுவதால் வாக்கியம் சிம்பிள் ஆகிறது. 'ஆஃப்டர் டின்னர்', 'ஆஃப்டர் ஐ ஏட்' ஆகியவற்றுக்கு இடையிலும் இதே வேறுபாடுதான். எனவே இணைப்புச் சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

அவளே எழுதிய கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்து, எழுவாய்களை வட்டமிட்டு முற்றுவினைகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். 'டு வாக்' போன்றவற்றையும், துணைவினையின்றித் தனித்து வரும் 'வாக்கிங்' போன்ற வடிவங்களையும் கணக்கில் சேர்க்கலாகாது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் இரு வாக்கியங்களை ஒன்றாக்கி எழுதும் 'சிந்தசிஸ்' பகுதிக்கும் இப்பயிற்சி நேரடியாக உதவும்.