ஒப்பந்தம் முடிந்த வீரரைக் கட்டிவைக்க முடியுமா?

கேள்வி: நியூசிலாந்தில் ஒரு மாகாண ரக்பி சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். பள்ளிப் பருவத்திலிருந்து நாங்கள் வளர்த்த வீரர் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு பருவம் மிச்சமிருக்க, பிரெஞ்சு கிளப் ஒன்று மூன்று மடங்கு சம்பளம் பேசி அழைக்கிறது. அவரைத் தடுக்க முடியுமா? இனி எழுதும் ஒப்பந்தங்களில், 'விலகியபின் இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் ஆடக் கூடாது' என்று சேர்க்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம், நீதிமன்றத்தில் அது நிற்குமென்று நம்ப வேண்டாம். ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை, நியாயமான நலனைக் காக்கத் தேவையான அளவை மீறினால் செல்லாது என்பது பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போக விரும்பிய ஒரு ரக்பி லீக் (ரக்பியின் இன்னொரு வடிவம்) வீரருக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, அந்த மறுப்புக்கு ஆதாரமான விதியை உங்கள் நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமே 1968-இல், பிளாக்லர் வழக்கில், ஏற்க மறுத்திருக்கிறது. வளர்த்துவிட்டோம் என்பதற்காக ஆட்டக்காரர் பண்ணையாள் ஆகிவிட மாட்டார்.

மிச்சமுள்ள பருவத்தின் கதை வேறு. 'எங்களுக்காக ஆடு' என்று எந்த நீதிமன்றமும் அவருக்கு ஆணையிடாது. ஆனால் ஒப்பந்தக் காலத்தில் வேறு அணிக்கு ஆட மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தால், அதை மீறாதபடி தடையாணை கேட்கலாம். 2008-இல் நியூசிலாந்து ரக்பி லீக் வீரர் சோனி பில் வில்லியம்ஸ், ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, சக வீரர்களிடம்கூடச் சொல்லாமல் சிட்னியிலிருந்து விமானமேறி பிரான்சின் தூலோன் அணிக்குப் போனார். அவருடைய சிட்னி கிளப் நீதிமன்றத்தை நாடியது. முடிவில் 7,50,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுக்கு விவகாரம் சமரசமானது. கிளப்புக்குப் பணம் கிடைத்ததே தவிர ஆள் திரும்பவில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எடுத்து, கையெழுத்திட்ட தரப்பு உங்கள் சங்கம் மட்டுமா, தேசிய அமைப்பான நியூசிலாந்து ரக்பியும் சேர்ந்ததா என்று பாருங்கள்; வழக்குத் தொடரும் உரிமை அதைப் பொறுத்தது. பிறகு பிரெஞ்சு கிளப்புக்கு, ஒப்பந்தம் நடப்பில் இருப்பதைத் தெரிவித்து ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். தெரிந்தே ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுவது தனிக் குற்றப்பொறுப்பாக இல்லாவிட்டாலும் உரிமையியல் பொறுப்புதான். அறிவிப்புக்குப் பின் 'தெரியாது' என்று அவர்கள் சொல்ல முடியாது. வீரர் நாடு மாறி ஆடச் சொந்த நாட்டுச் சங்கத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்ற உலக ரக்பி விதியும், இளம் வீரர்களுக்கான பயிற்சி இழப்பீட்டு விதியும் பேரத்தில் உங்கள் பக்கம் பலம் சேர்க்கும்.

ஒப்பந்தம் முடிந்தபின் அவரை நிறுத்தக்கூடியது ஆசை காட்டுவது ஒன்றே. உள்நாட்டு ஒப்பந்தம் இல்லாதவருக்கு நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸில் இடமில்லை என்ற நடைமுறை அந்த வகை. அதுவும் ஆல் பிளாக்ஸ் வீரர் ரிச்சி மோஉங்கா 2023 உலகக் கோப்பைக்குப் பின் ஜப்பானுக்குப் போவதைத் தடுக்கவில்லை. மாறாக, இன்னொரு ஆல் பிளாக்ஸ் வீரர் டான் கார்டர் 2008-இல் பிரான்சின் பெர்பின்யான் அணிக்குப் போய் வந்ததைப் போல, நீண்ட ஒப்பந்தத்துக்குள் குறுகிய வெளிநாட்டு விடுப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தால், அதில் கையெழுத்திட உங்கள் வீரருக்கும் காரணம் இருக்கும். வாசகத்தை இறுதி செய்யுமுன் வீரர்கள் சங்கத்துடனான கூட்டு ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.