பிரான்சில் ஒரே நாளில் சைக்கிளில் போய் திராட்சைத் தோட்டமும் அரண்மனைத் தோட்டமும் பார்க்க எந்த வழி நல்லது?

போர்தோ போங்கள், பர்கண்டி போங்கள் என்று பலர் சொல்வார்கள். வைன் மட்டும்தான் குறி என்றால் அவர்கள் சொல்வது சரி. தோட்டமும் வேண்டும், அதுவும் ஒரே நாளில் என்றால் லுவார் பள்ளத்தாக்குதான். அதிலும் சினோன் ஊரிலிருந்து தூர் நகரம் வரை, சுமார் 60 கிலோமீட்டர். நீங்கள் தினமும் சைக்கிள் மிதிப்பவர் இல்லை, வாடகை சைக்கிள்தான், முதல் நாள் இரவு தூரில் தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் திசை. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும். பலரும் தூரில் சைக்கிள் எடுத்து, ஆறு ஓடும் திசையில் மேற்கே மிதித்துவிட்டு, நிழலே இல்லாத கரை மேட்டில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆற்றின் சரிவு உங்களுக்குத் தெரியவே தெரியாது, காற்று தெரியும். அதனால் காலையில் சைக்கிளோடு ரயிலேறி சினோன் போய், கிழக்கே திரும்பி வாருங்கள். இந்தத் தடத்தில் சில வண்டிகள் ரயில் அல்ல, பேருந்து. கால அட்டவணையில் 'ஓத்தோகார்' என்று போட்டிருந்தால் அதில் சைக்கிளை நம்பிப் போக வேண்டாம்.

வைன் வேலையைச் சினோனிலேயே, பகல் 12 மணிக்குள் முடித்துவிடுங்கள். 12 முதல் 2 வரை பல கிடங்குகள் சாத்தியிருக்கும், ஞாயிறன்று சில திறக்கவே திறக்காது. சினோன் சிவப்பு வைன் கபர்னே ஃப்ரான் திராட்சையில் செய்வது. வியென் ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்தது லேசாக இருக்கும், இளசாகவே குடிக்கலாம். துஃபோ எனும் வெண்சுண்ணாம்புக் கல் சரிவில் விளைந்தது ஆண்டுக்கணக்கில் தாங்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்தால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். சுவைத்ததைத் துப்பக் கிண்ணம் இருக்கும். துப்புவதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. பிரான்சில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. நிரம்பிய பாட்டில் ஒன்றே 1.2 கிலோவுக்கு மேல் எடை. இரண்டு வாங்கினால் பக்கத்துக்கு ஒன்றாகப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சினோனை விட்டு வடக்கே கிளம்பியதும் கோட்டை மேட்டில் ஒரு ஏற்றம். இந்த வழியில் நன்றாக மூச்சு வாங்குவது இங்கேதான். இறங்கித் தள்ளலாம், கௌரவம் குறையாது. பிறகு உய்ஸ்ம், உஸ்ஸே அரண்மனை, பிரேயெமோன், வில்லாந்த்ரி. 'லுவார் ஆ வேலோ' என்ற லுவார் சைக்கிள் தடத்தின் பலகைகளைத் தொடர்ந்தால் போதும். தார், கெட்டிப்பட்ட பொடிச்சரளை இரண்டும் மாறி மாறி வரும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயராகக் கேளுங்கள். வண்டி எடுக்கும்போதே, கொடுத்த பம்ப் அந்த வால்வில் பொருந்துகிறதா என்று மாட்டிப் பாருங்கள். மெல்லிய வால்வுக்குக் கார் வகைப் பம்பைக் கொடுத்துவிட்டால் பஞ்சரான இடத்தில்தான் தெரியவரும். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

வில்லாந்த்ரிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அரண்மனை 1530களில் கட்டியது, ஆனால் இன்றைய தோட்டம் அவ்வளவு பழையதல்ல. 1906ல் இடத்தை வாங்கிய ஹோவாகின் கார்வாயோ என்ற ஸ்பானிய மருத்துவர், அங்கிருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவை எடுத்துவிட்டு மறுமலர்ச்சிக் கால அமைப்பில் போட்டது. 'அப்படியானால் போலிதானே' என்று கேட்பவர்கள் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு கோலம், நிறத்துக்காகவே தேர்ந்த கோசும் கீரையும். ஆண்டுக்கு இரண்டு நடவு. ஜூன் நடுவில் போனால் சில பாத்திகள் பறித்த நிலையில் கிடக்கலாம். தோட்டத்துக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு, அது போதும். முதலில் மேல்தளப் பாதையில் ஏறிக் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கீழே இறங்குங்கள். ஒரே நாளில் நாலைந்து அரண்மனை என்று பேருந்தில் அடைத்துவரும் சுற்றுலாக் கம்பெனிகள் இதற்கு முக்கால் மணி நேரம் கொடுத்து, அதில் பாதியைக் கழிப்பறை வரிசையில் கழிக்கவைக்கின்றன. அதற்குக் காசு கொடுத்துவிட்டு 'ஃபிரான்ஸ்ல பாக்க என்ன இருக்கு' என்று எழுதுபவர்களிடம் பேசிப் பயனில்லை.

சாப்பாடு: மதியம் 2 மணிக்குமேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும், சினோனிலேயே ரொட்டி, பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சைவர்கள் கவனிக்க: ரியெத் என்பது பன்றி இறைச்சி. புகழ்பெற்ற செந்த்-மோர் ஆட்டுப்பால் சீஸிலும் பொதுவாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்தான். ஃபுவே என்ற ரொட்டி பூரி மாதிரி உப்பி வரும், வெள்ளை பீன்ஸ் வைத்துக் கேட்கலாம்.

வில்லாந்த்ரியிலிருந்து சவோனியேர் வழியாக ஷேர் ஆற்றோரம் தூர் சுமார் 20 கிலோமீட்டர், சமதரை. இருட்டிவிட்டால் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டை சட்டப்படி கட்டாயம். வாடகைக் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.