பழுப்பேறும் பவளங்கள்: ரீஃப் தொட்டி (வீட்டில் கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி) கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஊதா நிறத்தில் வாங்கிய அக்ரோபோரா பவளம் இரண்டே மாதத்தில் பழுப்பாகிவிட்டது. பாலிப் (பவளத்தின் மேல் பூப்போல விரியும் குட்டி உயிர்) நன்றாகத்தான் விரிகிறது. செத்துவிடுமா?

பதில்: பாலிப் விரிகிறது என்றால் பாதிக் கவலையை விடுங்கள். பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்கிற நுண்பாசி குடியிருக்கிறது. அதன் நிறமே பழுப்புதான். தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் ஏறினாலும், வெளிச்சம் போதாவிட்டாலும் அந்தப் பாசி பெருகி மேல் நிறத்தை மூடிவிடும். ஊதாவும் இளஞ்சிவப்பும் பவளம் தானே தயாரிக்கும் புரதங்கள். நல்ல வெளிச்சம் விழுந்தால்தான் அவற்றை அதிகம் உண்டாக்கும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. அடுத்து விளக்கைப் பாருங்கள். அக்ரோபோராவுக்கு, பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டரில் 200 முதல் 350 வேண்டும். குறைவாக இருந்தால் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் பழுப்பு போய் வெளுப்பு வந்து நிற்கும். நிறம் திரும்ப மாதங்கள் பிடிக்கும். அதுவரை பவளத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இன்னொன்று: எதை உங்களால் சோதிக்க முடியாதோ, அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ‘நிறம் கூட்டும்’ பாட்டில்களும் இதில் சேர்த்தி.

கேள்வி: என் மான்டிபோரா பவளமும் பழுப்பாகிவிட்டது, ஏன்?

பதில்: மேலே எழுதியதேதான்.

கேள்வி: அப்படியானால் பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கிவிட்டால் நிறம் வந்துவிடும்தானே? கடலிலேயே கிட்டத்தட்ட பூஜ்யம்தான்.

பதில்: இந்த வாதத்துக்குத்தான் காத்திருந்தேன். பவளத் திட்டுகளை ஒட்டிய கடல்நீரில் பாஸ்பேட் மிகக் குறைவு, உண்மை. ஆனால் அங்கே நீரோட்டம் இரவும் பகலும் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து பவளத்தின் வாயில் போடுகிறது. உங்கள் தொட்டியில் நுரை கட்டி அழுக்கை அகற்றும் ஸ்கிம்மர் அதையும் வாரி வெளியே கொட்டுகிறது. தட்டையும் பிடுங்கி, பந்தியையும் மூடினால் எப்படி? பவளம் வெளிறும், திசு மெலியும். பிறகு மணலில் காற்றுக் குமிழோடு பழுப்புச் சளி படரும், அது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர்). பூஜ்யத் தொட்டிகளில்தான் அது கொண்டாட்டம் போடும்.

கேள்வி: நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரின் தொட்டியில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம். நிறம் கண்ணைப் பறிக்கிறது.

பதில்: அவர் மீனுக்கு எத்தனை தடவை தீனி போடுகிறார் என்று கேளுங்கள். நிறையப் போட்டு, நிறைய வெளியேற்றினால் சோதனையில் பூஜ்யம் காட்டும். பவளமோ வயிறார உண்டிருக்கும். தண்ணீரில் மிச்சம் இருப்பதைத்தான் சோதனை அளக்கும், உள்ளே போனதை அளக்காது. தீனியைக் குறைத்துப் பூஜ்யம் காண்பது வேறு கதை. பாஸ்பேட் நீக்கியை அள்ளிப்போட்டு ஒரே வாரத்தில் இறக்கியவர்களின் பவளங்கள் அடியிலிருந்து தோலுரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

கேள்வி: கிளை நுனிகள் வெள்ளையாக இருக்கின்றன. எரிந்துவிட்டதா, வளர்கிறதா?

பதில்: நல்ல கேள்வி. பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிறிய நுனியில் மெல்லிய திசுவும் குட்டிப் பாலிப்பும் தெரிந்தால் அது புது வளர்ச்சி. எலும்பு வெறுமையாகத் தெரிந்து, சில நாளில் அதன்மேல் பச்சைப் பாசி பிடித்தால் நுனி கருகியிருக்கிறது. பெரும்பாலும் ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை, அதன் அலகு டிகேஹெச்) 11, 12 டிகேஹெச் என்று ஏறி, நைட்ரேட், பாஸ்பேட் சத்தோ அடிமட்டத்தில் இருக்கும் தொட்டிகளில் இது நடக்கும். 8-ஐ ஒட்டி அசையாமல் வைத்திருங்கள். இன்று 7, நாளை 9 என்று ஆடும் தொட்டியைவிட, 7.5-லேயே நிற்கும் தொட்டி மேல்.

கேள்வி: ஸோவாந்தஸ் (பொத்தான் பவளம்) ஒட்டிய கல்லில் ஐப்டேசியா (களைபோலப் பரவும் கடல் அனிமோன்) முளைத்துவிட்டது. கல்லைக் கொதிக்க வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸோவாந்தஸ், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தால் ஆவியோடு காற்றில் கலக்கும். இப்படிக் கல்லை வேகவைத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஐப்டேசியாவுக்குத் தொட்டியிலேயே பெப்பர்மின்ட் இறாலை விடுங்கள்.

கேள்வி: டார்ச் பவளத்தை ஃபேவியா பவளத்தின் பக்கத்தில் வைக்கலாமா?

பதில்: விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத, கண்ணாடி நூல் மாதிரியான கொட்டும் இழைகள் பவளத்திலிருந்து நீண்டிருக்கும். 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: என் பவளமும் பழுப்பாகிவிட்டது, படம் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முழு நீல விளக்கில் எடுத்த படத்தில் எனக்குப் பழுப்பும் தெரியவில்லை, பவளமும் தெரியவில்லை. வெள்ளை விளக்கில் எடுத்து, ஆல்கலினிட்டி, நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளோடு வாருங்கள். அதற்குமுன் முதல் பதிலைப் படியுங்கள்.