மஞ்சள் பாட்டில் ஏற்றினால் இரத்தம் ஊறுமா?

அவிநாசியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 36. எடை 50 கிலோ. திருப்பூர்ப் பனியன் நிறுவனம் ஒன்றில் செக்கிங் வேலை. நிறுவனத்தில் நடந்த மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.6 என்றிருக்கிறது. மூன்று மாதம் பேரீச்சை சிரப்பும் பீட்ரூட் சாறும் குடித்தும் 8.8-க்கு மேல் ஏறவில்லை. இடையில் வாங்கிய இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் நிறுத்திவிட்டார். முகாமில் அறிமுகமான ஒருவர், "மாத்திரையெல்லாம் உடம்புல சேராதுங்க அம்மணி, அஞ்சு பாட்டில் ஏத்துனா புது ரத்தம் ஊறிரும்" என்று 14 ஆயிரம் ரூபாய்க்குப் 'பேக்கேஜ்' சொல்கிறாராம். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு மஞ்சள் நிற பாட்டில் ஏற்றினார்களாம். ஏற்றிக்கொள்ளலாமா என்பது கேள்வி.

ஏற்றிக்கொள்ள வேண்டாம். நரம்பு வழியாக ஏற்றும் உண்மையான இரும்பு மருந்து கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். உப்பு நீரில் கலந்தாலும் பழுப்பாகத்தான் தெரியும். மஞ்சள் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் பி வைட்டமின்தான். அதில் இரும்பு ஒரு துளியும் இராது. மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போவதுதான் கண்ட பலன். பழுப்பு மருந்து கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் மாத்திரை பலனளிக்காதவர்களுக்கும் பயனுள்ளதுதான். ஆயினும் சிலருக்குத் திடீர் ஒவ்வாமை வரக்கூடுமாகையால், அவசரச் சிகிச்சை வசதியுள்ள இடத்தில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அதை ஏற்ற வேண்டும். மாடியறையில் கொடிக்கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டுச் செய்கிற காரியம் அல்ல அது.

பேரீச்சை சிரப் ஏன் பலிக்கவில்லை என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் இந்த அளவுக்கு இறங்கினால், குறையை ஈடுகட்டிச் சேமிப்பையும் நிரப்ப ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் இருப்பது சுமார் 1 மில்லிகிராம். அதில் உடல் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், உங்கள் குறையைப் பழத்தால் தீர்க்க ஒரு டன் பேரீச்சை வேண்டும். குட்டியானை வண்டியில் ஒரே நடையில் கொண்டுவர முடியாத சுமை அது. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதாலேயே இரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். அந்தச் சிவப்புக்கும் இரும்புக்கும் தொடர்பே இல்லை. ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கொள்ளு, கம்பு ஆகியவற்றில் இரும்பு கூடுதல். கொள்ளுப் பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் உடலில் சேர்வது கூடும். ஆனாலும் உணவு, இனிமேல் குறையாமல் காக்கத்தான். ஏற்கெனவே விழுந்த பள்ளத்தை மாத்திரைதான் நிரப்பும்.

அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. எத்தனை என்பதை மருத்துவ அலுவலர் முடிவு செய்வார். எட்டு மணி ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் பேக்கரி டீயோடு அதை விழுங்குபவர்களே நான் பார்த்தவர்களில் அதிகம். டீ, மாத்திரையின் இரும்பில் பாதிக்கு மேல் உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதையும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு நெருங்கவிட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் இரவு படுக்கும்முன் எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். முதல் தெம்பு வந்தவுடனே நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு அதே 8.6-உடன் வந்து உட்காருகிறவர்கள் ஏராளம்.

இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் பிழை உங்களுடையது அல்ல. இரத்தசோகைத் தடுப்புத் திட்டம் இந்நாட்டில் 1970-இலேயே தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இருந்த 53-ஐவிட இது அதிகம். உலக அளவில் இதே வயதுப் பெண்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு. எத்தனை அட்டை கொடுத்தோம் என்று பதிவேட்டில் ஏறுகிறதே தவிர, எத்தனை மாத்திரை வயிற்றுக்குள் போனது, எத்தனை கொல்லைப்புறத்தில் விழுந்தது என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், போகிறபோக்கில், மாதவிலக்கு எட்டு நாள் நீடிக்கிறது என்றும் இரத்தக் கட்டிகள் விழுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். நலமாக இருப்பவரின் 100 மில்லி இரத்தத்தோடு சுமார் 50 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு உடலில் சேர்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிப் பயனில்லை என்பதால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று முதல் நாளே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு.

விதிவிலக்கு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. சிலருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதற்கு இரும்புக் குறை காரணமாகவே இராது. ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் தலசீமியா மரபணுவை, பெற்றோரில் ஒருவர் வழியாக மட்டும் பெற்று, ஒற்றையாகச் சுமப்பவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு நோய் என்று எதுவும் இல்லை. ஆனால் சிவப்பணுக்கள் அளவில் சிறுத்தும் எண்ணிக்கையில் கூடியும் இருக்கும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்த அளவு சரியாகவே இருக்கும். இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு எழுதிக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் நான்கு வாரத்தில் ஒரு புள்ளியாவது ஏறவில்லை என்றால், ஃபெரிட்டின் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும் 'ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ்' பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இரும்புக் குறை இருக்கும்போதே அதைச் செய்தால் முடிவு குழப்பக்கூடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். உங்களுக்கு இருப்பது தெரிந்தால் மகளுக்கும் பாருங்கள். அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்திலேயே பெண் கொடுக்கும் குடும்பமானால் பேச்சு எடுக்கும்முன் மாப்பிள்ளைக்கும் பாருங்கள். இருவருமே சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை பிறப்பதற்கு.

இப்போதைக்கு, முகாமில் விரலைப் பிதுக்கி எடுத்த அளவை நம்பாமல், நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஃபெரிட்டினோடு சேர்த்து ஒருமுறை பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடங்குங்கள். பேக்கேஜ்காரர் மறுபடி வந்தால், பாட்டிலில் உள்ள மருந்தின் பெயரையும் அதில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்பதையும் ஒரு தாளில் எழுதி, கீழே மருத்துவரின் பதிவு எண்ணோடு தரச் சொல்லுங்கள்.