வெள்ளை மணல் ஏன் சாம்பலாகிறது?

வணக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள வைட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் படமெடுத்தால் மணல் சாம்பலாகவும் பிள்ளைகள் முகம் கறுப்பாகவும் விழுகிறது, எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரே இடத்தில் புள்ளி என்று கேட்டிருந்தீர்கள். கேமரா பழுதில்லை.

அங்கே இருப்பது ஜிப்சம் என்ற வெண்ணிறக் கனிம மணல். அந்த வெண்மையைக் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் தொடங்கி, தேவைப்பட்டால் +1.7 வரை ஏற்றுங்கள். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக் கூடாது. திரையை நம்பாதீர்கள், அந்த வெயிலில் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

முகத்துக்கு, சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கண் கூசாது, மணலே கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பித் தரும். தொப்பி நிழல் போகவில்லையென்றால் ஃபிளாஷைப் போடுங்கள்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் வேகம் 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 11. ஆனால் நண்பகலில் குடும்பப் படமே வேண்டாம் என்பேன். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் மணல்மேட்டின் வரிகள் நிழலோடு எழும்பி நிற்கும். பூங்கா மூடும் நேரம் மட்டும் பருவத்துக்கேற்ப மாறும், நுழையும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வானத்தில் தெரியும் புள்ளி, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி. இன்னும் சிறிய துளையான எஃப் 16-இல் வெறும் வானத்தை எடுத்தால் பளிச்சென்று தெரியும். லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் புளோயரால் ஊதுங்கள்; டப்பாக் காற்றும் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். லென்ஸ் மாற்றுவதைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.